நிகழ்வெண் அட்டவணை இடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கலாம்

ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறது (அதுதான் நிகழ்வெண்) என்று அட்டவணை போட்டு முடித்துக் கடைசி வரியில் கூட்டிப் பார்க்கிறீர்கள். 30 வர வேண்டிய இடத்தில் 29 வருகிறது. உடனே ரப்பரை எடுத்து, எண்ணுவதற்குப் போட்ட எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எண்ணத் தொடங்குவதுதான் பெரும்பாலான பிள்ளைகளின் வழக்கம். வேண்டாம். அந்த 29-ஐ அழிக்காதீர்கள், அதுதான் துப்பு. ஒன்று குறைவதற்கு ஒரு காரணம் இருக்கும், ஐந்து கூடுவதற்கு வேறு காரணம் இருக்கும். எவ்வளவு பிசகியிருக்கிறது என்று பார்த்தாலே எங்கே பிசகியது என்பது பாதி தெரிந்துவிடும்.

இதைச் செய்துபார்க்க மூன்று தரவுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 50 மதிப்பெண் தேர்வொன்றில் 30 மாணவர்கள் வாங்கிய மதிப்பெண்கள் (பயிற்சிக்காக நான் எழுதிக்கொண்டவை):

23, 41, 30, 18, 35, 27, 40, 12, 33, 29
38, 20, 46, 31, 25, 36, 9, 30, 44, 22
34, 28, 17, 39, 50, 26, 32, 40, 19, 37

இரண்டாவது, பை (π = 3.14…) மதிப்பில் புள்ளிக்குப் பிறகு வரும் முதல் 50 இலக்கங்கள்:

1415926535 8979323846 2643383279 5028841971 6939937510

மூன்றாவது மிகச் சின்னது. லீப் அல்லாத ஆண்டில் 12 மாதங்களுக்கும் உள்ள நாள்கள். 28 நாள் மாதம் 1, 30 நாள் மாதம் 4, 31 நாள் மாதம் 7. இதற்குக் கோடு போட்டு எண்ணவே தேவையில்லை.

மொத்தம் ஒன்றோ இரண்டோ குறைகிறது

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். எளிதில் பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள்.

முதலில் கடைசிப் பிரிவு. மதிப்பெண்களை 0–10, 10–20 என்று தொடங்கி 40–50 வரை ஐந்து பிரிவாகப் பிரித்திருந்தால் மொத்தம் 29தான் வரும். காணாமல் போனது அந்த முழு மதிப்பெண், 50. இப்படிப்பட்ட பிரிவுகளில் கீழ் எல்லை உள்ளே வரும், மேல் எல்லை அடுத்த பிரிவுக்குப் போகும். 40–50 என்பது 40 முதல் 50-க்குச் சற்றுக் கீழே வரைதான். ஆகவே 50-க்கு இடமே இல்லை. 50–60 என்று இன்னொரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். 50 மதிப்பெண் தேர்வில் 60 எப்படி வரும் என்று தயங்க வேண்டாம், அது பிரிவின் எல்லை மட்டுமே. அப்போது அட்டவணை இப்படி இருக்கும்:

0–10 : 1
10–20 : 4
20–30 : 8
30–40 : 11
40–50 : 5
50–60 : 1
மொத்தம் : 30

அடுத்து, நேர்க்கோட்டுக் குறிகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நான்கு நின்ற கோடு, ஐந்தாவது குறுக்குக் கோடு. இது ஒரு கட்டு. சிலர் ஐந்து நின்ற கோடுகளைப் போட்டுவிட்டு ஆறாவதைக் குறுக்கே இழுப்பார்கள். எண்ணும்போது பழக்கத்தில் "ஒரு கட்டு, ஐந்து" என்று எண்ணிவிடுவார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒன்று காணாமல் போகும். இந்தப் பிழைக்குத் தனி அடையாளம் உண்டு. ஐந்துக்கு மேல் வரும் வரிகள் மட்டும்தான் குறையும், சின்ன வரிகள் அப்படியே இருக்கும். மேலே உள்ள அட்டவணையில் 8 என்பது 7 ஆகும், 11 என்பது 10 ஆகும், மொத்தம் 28. பை இலக்கங்களில் 3-ம் 9-ம் எட்டு எட்டு முறை வருகின்றன, மற்றவை எதுவும் ஐந்தைத் தாண்டவில்லை. ஆகவே அங்கே மொத்தம் 48 வரும். இரண்டு குறைந்து, ஐந்துக்கு மேற்பட்ட வரிகளும் சரியாக இரண்டு இருந்தால் முதலில் கட்டுகளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் ஏதோ ஓர் எண்ணைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். இது எண்ணும் முறையால் வருவது. "முதலில் 20-களைத் தேடுவோம், அப்புறம் 30-களைத் தேடுவோம்" என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தரவு முழுவதையும் மேய்ந்தால் ஆறு பிரிவுக்கு ஆறு முறை கண் ஓட வேண்டும். எங்காவது நழுவாமல் இருக்காது. தரவை ஒரே ஒரு முறை, இடமிருந்து வலமாக, ஓர் எண்ணுக்கு ஒரு கோடு என்று போங்கள். கோடு போட்ட எண்ணின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் வாசிக்கட்டும், நீங்கள் கோடு போடுங்கள்.

தவறிய எண்ணைக் கண்டுபிடிக்க எல்லாவற்றையும் மறுபடி எண்ணத் தேவையில்லை. தரவு வரிக்குப் பத்தாக இருக்கிறது அல்லவா? தனித்தாளில் முதல் வரிக்கு மட்டும் கோடு போடுங்கள். 10–20-இல் 2, 20–30-இல் 3, 30–40-இல் 3, 40–50-இல் 2, ஆக 10. சரி என்றால் அடுத்த வரி. பத்து வராத வரியில்தான் கோளாறு. கேள்வித்தாளில் தரவு தாறுமாறாக அச்சாகியிருந்தால், முதல் வேலையாகப் பத்துப் பத்தாகப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. அரை நிமிடம்கூட ஆகாது.

மொத்தம் கூடுகிறது

ஒரே எண் இரண்டு பிரிவுகளில் குந்தியிருக்கிறது. 20-ஐ 10–20-இலும் போட்டு 20–30-இலும் போட்டிருப்பீர்கள். நம் தரவில் 20 ஒரு முறை, 30 இரு முறை, 40 இரு முறை. இந்த ஐந்தும் இரண்டு இரண்டாக எண்ணப்பட்டால் மொத்தம் 35 ஆகும் (50–60 வரி இல்லாமல், 50-ஐ 40–50-இலேயே சேர்த்த கணக்கு இது). கூடுதலாக வந்த எண்ணிக்கை எல்லையில் நிற்கும் மதிப்புகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

மொத்தம் சரி, ஆனால் விடை ஒத்துப்போகவில்லை

இதுதான் நிஜமான தொல்லை. கூட்டினால் 30 வருகிறது, ஆனால் நண்பனின் அட்டவணையில் வேறு எண்கள். எல்லாத் தரவுக்கும் ஓர் இடம் கிடைத்தது என்பதற்கு மட்டும்தான் மொத்தம் சாட்சி. சரியான இடம் கிடைத்ததா என்பது அதற்குத் தெரியாது.

முதலில் இரண்டு அட்டவணைகளின் இடப்பக்கப் பத்தியையும் ஒப்பிடுங்கள். நண்பன் 1–10, 11–20, 21–30 என்று பிரித்திருந்தால் அவனுக்கு 1, 5, 9, 11, 4 என்று வரும். உங்களுக்கு 1, 4, 8, 11, 5, 1. இரண்டும் சரிதான்! அவனுடையதில் இரு எல்லைகளும் பிரிவுக்குள் அடங்கும், ஆகவே 20 கீழ்ப் பிரிவிலேயே நிற்கும். உங்களுடையதில் மேல் எல்லை விலகும். இரண்டிலும் 11 என்ற எண் வருவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அந்தப் பதினோரு பேர் ஒரே ஆள்கள் அல்ல. உங்கள் பதினொன்றில் இரண்டு 30 இருக்கின்றன, அவனுடைய பதினொன்றில் இரண்டு 40 இருக்கின்றன.

பிரிவுகள் ஒன்றாகவே இருந்தும் எண்கள் மாறினால், எந்த வரியில் கூடி எந்த வரியில் குறைந்தது என்று பாருங்கள். அடுத்தடுத்த இரு வரிகளில், ஒன்றில் 2 கூடி மற்றதில் 2 குறைந்தால், அவற்றுக்கு நடுவே உள்ள எல்லை மதிப்புதான் இடம் மாறியிருக்கிறது. 20–30-இல் 10, 30–40-இல் 9 என்று வந்தால் இரண்டு 30-களும் கீழே தங்கிவிட்டன என்று எழுதிக்கொடுக்கலாம்.

அட்டவணை நீளமாகவோ குட்டையாகவோ வந்து ஒன்றும் சொல்லவில்லை

பிரிவு நீளம் 2 என்று எடுத்தால் இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் வரும், அவற்றில் பல 0 அல்லது 1. தரவை அப்படியே திருப்பி எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. 25 என்று எடுத்தால் 8, 21, 1 என மூன்று வரியில் முடிந்துவிடும். வகுப்பில் நடுவில் எங்கே கூட்டம் என்பது அதில் தெரியவே தெரியாது.

வீச்சு, அதாவது மிகப் பெரிய மதிப்புக்கும் மிகச் சிறிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், 50 − 9 = 41. அதை எத்தனை பிரிவாக்கலாம் என்பதற்கு 1926-இல் ஹெர்பர்ட் ஸ்டர்ஜஸ் ஒரு விதி தந்தார். தரவு எண்ணிக்கையின் பத்தடிமான மடக்கையை (log) 3.322-ஆல் பெருக்கி 1 கூட்ட வேண்டும். 30-க்குச் சுமார் 5.9 வரும், அதாவது ஆறு பிரிவு. 41-ஐ ஆறால் வகுத்தால் ஏழு அளவில் வரும். அதற்காக 7–14, 14–21 என்று பிரித்தால் கை தடுமாறும். பக்கத்தில் உள்ள 5-ஐயோ 10-ஐயோ எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பள்ளிக் கணக்குகளுக்கு ஐந்து முதல் பத்துப் பிரிவுகள் வரை இருந்தால் போதும், விதியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

ஒரு வரியையே காணோம்

பை இலக்கங்களுக்கு அட்டவணை போடச் சொன்னால் பலர் 1-இல் தொடங்கி 9-இல் முடிப்பார்கள். மொத்தம் 48 வரும். விடுபட்டது 0, இரண்டு முறை வருகிறது. மேலே சொன்ன கட்டுப் பிழையிலும் இதே 48தான் வந்தது. ஆகவே வரிகளையும் பாருங்கள். 3-க்கும் 9-க்கும் எட்டு எட்டு இருந்தால் குற்றவாளி பூச்சியம். முழு அட்டவணை இது:

0 : 2
1 : 5
2 : 5
3 : 8
4 : 4
5 : 5
6 : 4
7 : 4
8 : 5
9 : 8

தரவில் 0 இருப்பது வேறு, நிகழ்வெண் 0 ஆக இருப்பது வேறு. நடுவில் ஒரு பிரிவில் ஒருவருமே இல்லையென்றாலும் அந்த வரியை எழுதி 0 போடுங்கள். விட்டுவிட்டால் படம் வரையும்போது காலியாக இருக்க வேண்டிய இடம் மூடிக்கொள்ளும்.

முகடு கேட்டால் 7 என்று வருகிறது

மாதக் கணக்கில் முகடு, அதாவது மிக அடிக்கடி வரும் மதிப்பு, எது என்று கேட்டால் விடை 31. ஏழு என்பது அது எத்தனை முறை வந்தது என்பது. இரு பத்திகளும் குழம்பும்போது வரும் பிழை இது. நாள்களின் எண்ணிக்கை என்ன, மாதங்களின் எண்ணிக்கை என்ன என்று பத்தித் தலைப்பில் தமிழில் எழுதிவிட்டால் பாதிப் பிழை போய்விடும். இந்தத் தரவில் அழகான சோதனை ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் மதிப்பையும் நிகழ்வெண்ணையும் பெருக்கிக் கூட்டுங்கள். 28 + 120 + 217 = 365.

பை இலக்கங்களில் 3, 9 இரண்டுமே முகடு. ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள்.

சராசரி நம்ப முடியாத எண்ணாக வருகிறது

மதிப்பெண் அட்டவணையில் ஒவ்வொரு பிரிவின் நடுமதிப்பையும் (5, 15, 25, 35, 45, 55) நிகழ்வெண்ணால் பெருக்கிக் கூட்டினால் 930. அதை 30-ஆல் வகுத்தால் 31. ஆறு வரி இருக்கிறதே என்று 6-ஆல் வகுத்தால் 155 வரும். ஐம்பதுக்கு நடந்த தேர்வில் சராசரி 155! இப்படிக் கத்திக் காட்டிக்கொடுக்கும் பிழையால் பெரிய ஆபத்தில்லை.

பயப்பட வேண்டியது இன்னொன்று. நிகழ்வெண்ணால் பெருக்காமலே நடுமதிப்புகளை மட்டும் கூட்டி 6-ஆல் வகுத்தால் 180-ஐ ஆறால் வகுத்து 30 வரும். சரியான விடைக்கு மிக அருகில் இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரே பிரிவில் பதினோரு பேர் இருந்ததையும் இன்னொன்றில் ஒருவர் இருந்ததையும் கணக்கிலேயே எடுக்காத விடை அது. உங்கள் வேலையில் பெருக்கல் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறு.

அப்புறம், பிழையே இல்லாத ஓர் "அறிகுறி" உண்டு. முப்பது மதிப்பெண்களையும் நேரடியாகக் கூட்டினால் 911, சராசரி 30.37. அட்டவணை 31 என்கிறது. இது பிசகு அல்ல. பிரிவுக்குள் போனதும் 20-ம் 29-ம் ஒன்றுபோல 25 என்றே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அந்த வசதிக்குக் கொடுத்த விலைதான் இந்த 0.63. வித்தியாசம் பிரிவு நீளத்தில் பாதிக்கு மேல், இங்கே 5-க்கு மேல், போனால்தான் எங்கோ தவறு என்று தேட வேண்டும்.

குவிவு நிகழ்வெண் பத்தியில் குழப்பம்

குவிவு நிகழ்வெண் என்பது முதல் வரியிலிருந்து அந்த வரி வரை கூட்டிக்கொண்டே வந்த மொத்தம். சரியான பத்தி 1, 5, 13, 24, 29, 30. கடைசி எண் மொத்தமாக இருக்க வேண்டும், நடுவில் எங்கும் இறங்கக் கூடாது. இறங்கினால் அந்த வரியில் கூட்டுவதற்குப் பதிலாக நிகழ்வெண்ணையே எழுதிவிட்டீர்கள்.

கேள்வியிலேயே "10-க்குக் குறைவாக 1, 20-க்குக் குறைவாக 5, 30-க்குக் குறைவாக 13…" என்று கொடுத்திருந்தால் அது ஏற்கெனவே குவித்தது. அதையே நிகழ்வெண்ணாக எடுத்துக் கூட்டினால் 102 பேர் தேர்வு எழுதியதாகிவிடும். ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு முந்தையதைக் கழித்துப் பிரித்தெடுங்கள்.

இடைநிலை அளவில் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) ஒரு வேடிக்கை. மொத்தத்தில் பாதி 15, அது 30–40 பிரிவில் விழுகிறது. அந்தப் பிரிவுக்கு முந்தைய குவிவு 13. ஆகவே 15-இலிருந்து 13-ஐக் கழித்து, 11-ஆல் வகுத்து, 10-ஆல் பெருக்கி, 30-உடன் கூட்டினால் 31.8. முந்தைய வரிக்குப் பதிலாக அதே வரியில் உள்ள 24-ஐ எடுத்துவிட்டால் 21.8 வரும். சரியாகப் பத்து குறைவு. எந்தக் கணக்கிலும் இந்தப் பிழை விடையைச் சரியாக ஒரு பிரிவு நீளம்தான் கீழே இறக்கும். கண்டுபிடிப்பதும் சுலபம், இடைநிலை அளவு தன் பிரிவுக்கு வெளியே போய் நிற்கும்.

சதவீதங்களைக் கூட்டினால் 100 வரவில்லை

மாதக் கணக்கில் 8.3, 33.3, 58.3 என்று வரும், கூட்டினால் 99.9. முழு எண்ணாக்கினால் 8, 33, 58, கூட்டினால் 99. இது முழுமைப்படுத்தியதால் வந்தது, விட்டுவிடலாம். 100 வரவைக்க எந்த எண்ணையும் திருத்தாதீர்கள். 90 அல்லது 110 வந்தால் அது வேறு கதை, அப்போது வகுத்த எண் மொத்தம்தானா என்று பாருங்கள்.

நிகழ்வுச் செவ்வகப் படத்தில் தூண்களுக்கு நடுவே இடைவெளி

ஒவ்வொரு பிரிவையும் ஒரு தூணாக, ஒட்டி ஒட்டி வரையும் படம் இது (ஹிஸ்டோகிராம்). நீங்கள் 1–10, 11–20 என்ற பிரிவுகளை அப்படியே அச்சில் வைத்திருக்கிறீர்கள். 10-க்கும் 11-க்கும் நடுவே ஒரு சந்து. கீழ் எல்லையில் 0.5 கழித்து, மேல் எல்லையில் 0.5 கூட்டி 0.5–10.5, 10.5–20.5 என்று ஆக்கினால் தூண்கள் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் இந்த 0.5-ஐக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் போடக் கூடாது. வயது அட்டவணை நல்ல உதாரணம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 0–4, 5–9, 10–14 என்று பிரிப்பார்கள். அங்கே வயது என்பது முடிந்த ஆண்டுகள். நான்கு வயதும் பதினொரு மாதமும் ஆன குழந்தைக்கு வயது 4தான். எனவே 0–4 என்ற பிரிவு உண்மையில் 0 முதல் 5 வரை நீள்கிறது. எல்லை 4.5 அல்ல, 5. நடுமதிப்பும் 2 அல்ல, 2.5. எண்களை முழுமைப்படுத்திப் பதிந்திருந்தால் 0.5 பொருந்தும், பின்னத்தை வெட்டிப் பதிந்திருந்தால் பொருந்தாது. தரவு எப்படி வந்தது என்று கேட்காமல் இதை முடிவு செய்ய முடியாது.

வயது என்றதும் இன்னொன்று. ஒவ்வொரு வயதுக்கும் தனி வரி போட்டு இந்தியக் கணக்கெடுப்புத் தரவைப் பார்த்தால் 30, 35, 40, 45 போன்ற இடங்களில் நிகழ்வெண் குபீரென்று எகிறும். எண்ணியவர் தவறு அல்ல. பிறந்த தேதி தெரியாதவர்கள் "ஒரு நாற்பது இருக்கும்" என்று 0-இலோ 5-இலோ முடியும் எண்ணாக வயதைச் சொல்லிவிடுவதால் வரும் மேடு அது. ஐந்தைந்து ஆண்டுகளாகத் தொகுத்தால் அந்த மேடுகள் பெருமளவு அடங்கிவிடும்.

பிரிவு நீளங்கள் சமமாக இல்லாவிட்டால் தூணின் உயரமும் மாற வேண்டும். கடைசி இரு பிரிவுகளைச் சேர்த்து 40–60 என்று ஆக்கினால் நிகழ்வெண் 6, ஆனால் அகலம் இரட்டிப்பு. ஆகவே உயரம் 3. உயரத்தை 6 என்றே வரைந்தால் பரப்பு இரு மடங்காகி, அங்கே பன்னிரண்டு பேர் இருப்பதுபோல் தெரியும்.

கணினி தரும் அட்டவணையும் கையால் போட்டதும் வேறுபடுகின்றன

எக்செலில் ஃபிரீக்வென்சி (FREQUENCY) ஃபார்முலாவுக்கு 10, 20, 30, 40, 50 என்று கொடுத்தால் 1, 5, 9, 11, 4 என்று வரும் (கடைசியில் கூடுதலாக ஒரு 0). நண்பனின் அட்டவணையேதான் அது! நீங்கள் கொடுக்கும் எண்ணை அது மேல் எல்லையாக எடுத்து, அந்த எண்ணையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. நம் முறைப்படி வேண்டுமென்றால், மதிப்பெண்கள் முழு எண்களாக இருப்பதால் 9, 19, 29, 39, 49 என்று கொடுங்கள். விடையில் ஆறாவதாக ஒரு கட்டம் கூடுதலாக வரும். 49-ஐத் தாண்டியவர்கள் அதில் இருப்பார்கள், அதாவது அந்த 50.

மொத்தமே குறைகிறது என்றால் சில மதிப்பெண்கள் எழுத்தாகப் பதிவாகியிருக்கும், ஃபார்முலா அவற்றைக் கண்டுகொள்ளாது. எண்கள் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தானவை இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இடது மேல் மூலையில் சின்னப் பச்சை முக்கோணமும் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து எண்ணாக மாற்றினால் மொத்தம் 30-க்கு வந்துவிடும்.